தரை வரவில்லை

பாப்பாவுக்குப் பதினேழு வயது. உயரத்தில் அம்மாவைத் தாண்டி இரண்டு வருடமாகிறது. இருந்தாலும் வீட்டில் அவள் பாப்பாதான். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் ஆங்கில இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்திருந்தாள். அவளோடு சேர்த்து வகுப்பில் மொத்தம் ஆறு பேர். அதில் இரண்டு பேர் வேதியியலில் இடம் கிடைக்காமல் வந்து சேர்ந்தவர்கள்.

பாடம் நடத்தியவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் உட்பொருள் டீச்சர். எந்த வரியைப் படித்தாலும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி, இதோட உட்பொருள் என்ன?" என்று கேட்பார். ஜன்னல் வந்தால் ஏக்கம். மழை வந்தால் மனசாட்சி. யாராவது குடை பிடித்தால் மனசாட்சியிடமிருந்து தப்பிக்கிறார் என்று அர்த்தம். பதினாலு வருடமாக ஒரே நாவலை நடத்தி, அதற்கான குறிப்புகளைத் தடித்தடியான நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். பாப்பாவுக்கு அந்த டீச்சர்மேல் உயிர்.

பாப்பாவின் அப்பா நகராட்சியில் கட்டிடப் பாதுகாப்பு ஆய்வாளர். கடைகள், மருத்துவமனைகள், அடுக்கு வீடுகள் என்று போய்ப் படிக்கட்டு, கைப்பிடி, அவசர வாசல் எல்லாவற்றையும் அளந்து பார்ப்பது அவர் வேலை. ஆபீசில் அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம், கொத்தனார் தரை மட்டம் பார்க்கும் கருவி. யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால், உள்ளே நுழையுமுன் வாசற்படியைக் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார். இதனாலேயே விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். டாக்ஸி கம்பெனியில் போன் எடுக்கும் வேலையிலிருந்த அம்மாவுக்கு அதில் தீராத வருத்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அந்த வாரத்துச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பாப்பா சோபாவில் உட்கார்ந்து நாவலின் இருநூற்றுப் பதினோராம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள்.

அந்த நாவலில் ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர் வருகிறார். மகன், மருமகளோடு ஒரு பெரிய வீட்டில் இருக்கிறார். கடல் தாண்டிப் போன மகளிடமிருந்து கடிதம் வரும் வரும் என்று பதினோரு வருடமாகக் காத்திருக்கிறார். கண் மங்கிவிட்டதால் மாடிப்படியை எண்ணித்தான் இறங்குவார். பன்னிரண்டு என்று சொல்லிக் காலை வைத்தால் தரை. ஒரு சாயங்காலம் தபால்காரரின் மணி கேட்டு அவசர அவசரமாக இறங்குகிறார். பன்னிரண்டு என்கிறார், காலை வைக்கிறார், தரை வரவில்லை. விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. தபாலில் வந்தது விதைக்கடைக்காரர் அனுப்பிய பூச்செடிப் பட்டியல்.

பாப்பா பக்கத்தில் விரலை வைத்தபடி படிப்பதை நிறுத்தினாள். இல்லாத அந்தப் பதின்மூன்றாம் படிதான் மரணம் என்று டீச்சர் சொன்னபோதே வகுப்பில் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எத்தனை படின்னு சொன்னே?"

"பன்னிரண்டு."

"மறுபடி படி."

படித்தாள். அப்பா கையை நீட்டினார். "புத்தகத்தைக் குடு."

அவர் அதற்குமுன் ஒரு நாவலும் படித்ததில்லை. ஆபீசில் ஆங்கில அறிக்கைகள் படித்துப் பழக்கம், அவ்வளவுதான். கட்டிட வரைபடத்தைப் பார்ப்பதுபோலப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்து, பென்சிலோடு உட்கார்ந்தார். ஞாயிறு முழுக்கப் படித்தார். திங்கள், செவ்வாய் ஆபீஸ் விட்டு வந்தும் படித்தார். பூட்ஸ் கழற்றும் இடம், விளக்கு தொங்கும் இடம், கைப்பிடி எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். புதன்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"உங்க டீச்சரை நான் பார்க்கணும்" என்றார்.

"வேண்டாம்பா" என்றாள் பாப்பா.

"வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம்னு சீட்டு வந்திருக்குல்ல?"

"அது என் மார்க்கைப் பத்திப் பேசறதுக்கு!"

"அதையும் பேசுவோம்" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடியிலிருந்த இலக்கிய வகுப்பில், வரிசையில் கடைசியாக நின்று, மற்ற பெற்றோர் எல்லாரும் போனபின் டீச்சர் முன்னால் உட்கார்ந்தார். பாப்பா பின்னால் சுவரோடு சுவராக நின்றாள்.

"டீச்சர், நான் பாப்பாவோட அப்பா. கேப்டன் விஷயமா பேசணும்."

"எந்தக் கேப்டன்? விளையாட்டு டீச்சர் கீழ இருக்காங்களே."

"செத்துப்போன கேப்டன்."

டீச்சருக்குப் புரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பதினாலு வருடத்தில் எந்தப் பெற்றோரும் நாவலைப் பற்றிப் பேசியதில்லை. "படிச்சீங்களா சார்! அந்தக் கடைசிப் படி இருக்கே, அது ஒரு குறியீடு. இல்லாத படி. மரணத்தைக் குறிக்குது."

"இல்லாத படின்னு ஒண்ணு அங்க கிடையாது டீச்சர். நூத்தி அறுபதாம் பக்கம் எடுங்க. கூடத்துல பழைய கல்லு குளிருதுன்னு மருமக அதைப் பேத்துப் போடச் சொல்லுது. நாலு இன்ச் கனமான கல்லுன்னு எழுதியே இருக்கு. அதுக்குப் பதிலா ஒரு இன்ச் பலகை பாவுறாங்க. தரை மூணு இன்ச் கீழ இறங்கிடுச்சு. அப்ப காய்ச்சல்ல மாடியிலயே கிடந்த கேப்டன்கிட்ட யாரும் சொல்லல."

டீச்சர் தன் குறிப்பு நோட்டைப் புரட்டினார். நூற்று அறுபதுக்கு நேரே அவர் கையெழுத்திலேயே, 'வீட்டு வர்ணனை. பரீட்சைக்கு வராது' என்று இருந்தது.

"இது வெறும் வர்ணனைதானே சார்."

"அந்த வர்ணனைதான் டீச்சர் ஆளைக் கொன்னிருக்கு."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வந்தால் கழற்றுவார் என்று பாப்பாவுக்குத் தெரியும். "எல்லாத்தையும் டேப் வெச்சு அளந்தா இலக்கியம் எங்க சார் மிஞ்சும்? மரணத்துக்கு என்ன உயரம்?"

"பொதுவாத் தெரியல டீச்சர். இவர் மரணத்துக்கு மூணு இன்ச்."

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். பாப்பா அழுகையை அடக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். கடைசியாக அப்பா இறங்கினார். இறங்கி முடித்ததும் அப்படியே நின்றுவிட்டார். திரும்பிக் கடைசிப் படியைப் பார்த்தார். இடுப்பிலிருந்து டேப்பை உருவினார்.

"அப்பா, ப்ளீஸ். வீட்டுக்குப் போலாம்."

"எல்லாப் படியும் ஏழு இன்ச். இது நாலரை." அவர் குரலில் ஓர் அமைதி இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் விடுமுறையில் பள்ளிக்கூடம் கீழ்த்தளத்துக்குப் புது ஓடு போட்டிருந்தது. பழையதைப் பெயர்க்காமல் அதன்மேலேயே போட்டுவிட்டார்கள். கேப்டன் வீட்டில் தரை இறங்கியது, இங்கே ஏறியிருந்தது.

அப்பா பையிலிருந்து சிவப்பு நாடாவையும் அறிவிப்புத் தாளையும் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகூட அந்தப் பை இல்லாமல் வெளியே போகமாட்டார். படிக்கட்டைக் குறுக்கே கட்டி, 'உபயோகிக்கத் தடை' என்று ஒட்டிக் கையெழுத்துப் போட்டு முடித்தபோது, மேலேயிருந்து தலைமை ஆசிரியரின் குரல் கேட்டது. ஜன்னல்களைச் சாத்திவிட்டு அப்போதுதான் அவர் வந்தார்.

"என்ன சார் இது? நான் எப்படி இறங்குறது?"

"ஒட்டுறதுக்கு முன்னாடி இறங்கியிருக்கணும் சார்."

"முன்னாடி நீங்க சொல்லலையே!"

"முன்னாடி நான் அளக்கலையே."

"வேற வழி?"

அப்பா அண்ணாந்து கட்டிடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மாடிக்கு வேறு படிக்கட்டே இல்லை. அதற்கும் தனியாக ஒரு தாள் எழுதி ஒட்டினார்.

பிறகு அவரே தன் மேலதிகாரிக்குப் போன் போட்டு விதியைக் கேட்டார். மேலதிகாரி அவருடைய மேலதிகாரியைக் கேட்டார். நாற்பது நிமிடம் தலைமை ஆசிரியர் மேல்படியில் உட்கார்ந்திருந்தார். பாப்பா கீழே நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் உத்தரவு வந்தது. அறிவிப்பைக் கழற்றி, ஆளை இறக்கிவிட்டு, மறுபடி ஒட்டலாம். 'மாலை 5.40 முதல் 5.42 வரை தடை நீக்கம். இறங்கியவர் ஒருவர்' என்று அப்பா பதிவேட்டில் எழுதினார். தலைமை ஆசிரியர் அதில் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது.

படிக்கட்டை இடித்துக் கட்ட ஒரு மாதம் ஆகும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். பரீட்சைக்கு இருபது நாள்தான் இருந்தது. கீழ்த்தளத்தில் காலியாக இருந்த ஒரே அறை விளையாட்டுச் சாமான் அறை. காற்றுப்போன பந்துகளுக்கும் கிழிந்த வலைகளுக்கும் நடுவில், குதிக்கிறவர்களுக்கான மெத்தைகளில் ஆறு பேரும் உட்கார்ந்து கவிதை படித்தார்கள். பாப்பா எதிரே உட்கார்ந்திருந்தாலும் டீச்சர் அவள் பக்கம் திரும்பவேயில்லை. மூன்று நாள் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான்காம் நாள் ஒரு கட்டுரைத் தலைப்பைச் சுவரில் சாக்கட்டியால் எழுதினார். 'இலக்கியத்தை அளவுகோலால் அளப்பவர்கள் செய்யும் தீங்கு. நான்கு பக்கம். திங்கட்கிழமைக்குள்.'

மற்ற ஐந்து பேரும் பாப்பாவை முறைத்தார்கள்.

அன்றைக்கு வீட்டில் அப்பா பாத்திரம் தேய்க்க, பாப்பா பக்கத்தில் நின்று துடைத்து வைத்தாள். ஒரு தட்டைத் துடைத்தபடியே கேட்டாள்.

"அப்பா, அந்தப் பக்கத்தைப் படிச்சப்ப உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"நாலு தடவை படிச்சேன்."

"அளக்கறதுக்கா?"

அப்பா குழாயை மூடினார். "முதல் தடவை அளக்கறதுக்கு. அப்புறம் சும்மாத்தான். அந்த ஆளு என்ன அவசரமா இறங்குறாரு பார்த்தியா? நான் போன வீடுகள்லயும் இப்படி விழுந்து செத்தவங்க பதினோரு பேர் பாப்பா. போய் நின்னா வயசாயிடுச்சும்பாங்க, நேரம் சரியில்லம்பாங்க, விதிம்பாங்க. படியைப் பத்தி யாரும் வாயைத் திறக்கமாட்டாங்க. நான்தான் குனிஞ்சு பார்ப்பேன். விதின்னு நானும் எழுதிட்டு வந்துட்டா, அடுத்த ஆளும் அதே படியிலதானே இறங்கணும்?"

பாப்பா தட்டை அடுக்கி வைத்தாள். அந்த ராத்திரியும் அடுத்த நாளும் கட்டுரை எழுதப் பார்த்தாள். டீச்சர் பக்கம் இரண்டு பக்கம் சரளமாக வந்தது. அப்புறம் அப்பா குனிந்து பார்ப்பது கண்முன் வந்து நின்றது. மீதி இரண்டு பக்கத்தை வெற்றாகவே விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை மதியம் அதைக் கொடுக்கலாம் என்று அறை வாசலில் காத்திருந்தபோது டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்தாள். டீச்சரின் குறிப்பு நோட்டுகள் எல்லாம் மேலே அலமாரியில் சிக்கிக்கொண்டிருந்தன. அனுமதி கேட்டு விண்ணப்பித்தால் ஒன்பது நாள் ஆகும் என்றதும், டீச்சர் சிவப்பு நாடாவுக்கு அடியில் குனிந்து ஏறிப் போய்விட்டார். இப்போது பதினாலு வருட நோட்டுகளும் இரண்டு கையிலும் மோவாய்வரை இருந்தன. கைப்பிடியைப் பிடிக்கக் கை இல்லை. காலடி தெரியவில்லை. ஆனாலும் பழகிய படி என்ற தைரியத்தில் நிமிர்ந்துதான் வந்தார்.

கடைசிப் படியில் நோட்டுகள் ஒரு பக்கமும் டீச்சர் ஒரு பக்கமும் போனார்கள்.

பாப்பா ஓடிப்போய் மண்டியிட்டாள். டீச்சர் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார். வலியைவிட ஆச்சரியம்தான் அவர் முகத்தில் அதிகமாக இருந்தது.

"தரை முன்னாடியே வந்துடுச்சு" என்றார்.

"ஆமா டீச்சர்."

"எவ்வளவு முன்னாடி?"

"ரெண்டரை இன்ச்."

டீச்சர் கண்ணை மூடினார். "கேப்டனுக்கு மூணு, இல்ல?"

"ஆமா டீச்சர்."

"பாவம்" என்றார் டீச்சர். அந்தக் கேப்டனைப் பற்றி அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து பாப்பா கேட்டதேயில்லை.

எலும்பில் விரிசல். கையில் மாவுக்கட்டோடு இரண்டாம் நாளே வந்துவிட்டார். மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்து, "எல்லாரும் நூத்தி அறுபதாம் பக்கம் எடுங்க" என்றார். ஆறு பேரும் எடுத்தார்கள். வரிவரியாகப் படித்தார்கள். நூற்று அறுபத்து மூன்றில் டீச்சரே ஒன்றைக் கண்டுபிடித்தார். வேலைக்காரி மருமகளிடம், பெரியவரிடம் தரை விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்கிறாள். மருமகள், நாளைக்குச் சொல்கிறேன் என்கிறாள். டீச்சர் மாவுக்கட்டால் மெத்தையில் ஓங்கி அடித்துவிட்டு, வலியில் கத்தினார்.

பரீட்சையில் வந்த கேள்வி, 'நாவலில் படிக்கட்டின் முக்கியத்துவத்தை விளக்குக.' சாமான் அறையில் உட்கார்ந்து ஆறு பேரும் மூச்சுவிடாமல் எழுதினார்கள். கல்லின் கனம் நாலு இன்ச், பலகை ஒரு இன்ச், வித்தியாசம் மூன்று இன்ச்.

மூன்று வாரம் கழித்துத் தேர்வு வாரியத்திலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். வேறு எந்தப் பள்ளியிலும் ஒருவர்கூட எழுதாத பதிலை, எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லாத பதிலை, ஒரே அறையில் ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள் என்றால் காப்பி அடித்திருக்க வேண்டும் என்பது வாரியத்தின் முடிவு. அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஆறு பேரும் எப்படி ஒரே மாதிரி மூணு இன்ச்னு எழுதினீங்க?"

"நாலுல ஒண்ணு போனா எல்லாருக்கும் மூணுதான சார்" என்றான் வேதியியல் கிடைக்காமல் வந்த ஒருவன். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

கடைசியாக அப்பாவைக் கூப்பிட்டார்கள். டேப், பதிவேடு, பையோடு வந்தார்.

"அந்தத் தரையோட அளவைக் கண்டுபிடிச்சது நீங்கதானா?"

"ஆமா சார்."

"அந்த வீட்டை நேர்ல பார்த்தீங்களா?"

"அந்த வீடு இல்ல சார்."

"இடிச்சுட்டாங்களா?"

"கட்டவே இல்ல சார். கதை."

அதிகாரி நாவலைப் படித்திருக்கவில்லை. அவர் கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர். பாப்பாவின் புத்தகத்தை வாங்கி, நூற்று அறுபதாம் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொன்னார். நின்றபடி படித்தார். பிறகு ஒரு பந்துக்கூடையின் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு மெத்தைக்கு வந்தார். மதியம் டீச்சர் ஒரு டீ வாங்கிவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்தார். அது ஆறிப்போயிற்று. ஐந்து மணிக்குப் புத்தகத்தை மூடி, கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, காப்பி அடிக்கப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது வாசற்படியில் நின்று காலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

ஆறு பேரும் தேறினார்கள். பாப்பாவுக்குத்தான் அதில் குறைந்த மார்க். மூன்று இன்ச்சை எழுதி முடித்தபின், தரை வராத அந்த ஒரு நொடியில் கேப்டனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று மேலும் மூன்று பக்கம் எழுதியிருந்தாள். அதனால் கடைசிக் கேள்விக்கு நேரமில்லாமல் போய்விட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. கல்லூரியிலும் இலக்கியமே படிக்கப்போவதாகச் சொன்னாள். அப்பா சரியென்றார்.

ஒருநாள் சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்ததும் கைப்பையிலிருந்து நாவலை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பட்டென்று வைத்தார். வீட்டில் மாதக்கணக்காக எல்லாரும் எதைப் பேசுகிறார்கள் என்றுதான் பார்ப்போமே என்று ஆபீசில் போன்களுக்கு நடுவே படித்திருந்தார். அன்றைக்கு இரண்டு டாக்ஸிகள் தப்பான தெருவுக்குப் போயிருந்தன.

"எல்லாம் சரி. அந்தப் பொண்ணு ஏன் பதினோரு வருஷமா ஒரு கடிதம்கூடப் போடல?"

அப்பா பாப்பாவைப் பார்த்தார். பாப்பா அப்பாவைப் பார்த்தாள்.

"அது எங்கயும் எழுதல" என்றார் அப்பா.

"நோட்ஸ்லயும் இல்லம்மா."

"எழுதலைன்னா யோசிக்கமாட்டீங்களா? எந்நேரமும் படி, படி, படி. பெத்த பொண்ணு ஏன் எழுதலைன்னு ஒருத்தருக்கும் கவலை இல்ல."

"விலாசம் மாறியிருக்கும்" என்றார் அப்பா.

"கோபமா இருந்திருப்பா" என்றாள் பாப்பா.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மாசம் ஒண்ணு போட்டிருப்பா. அந்த வீட்டுல தபாலை முதல்ல கையில வாங்குறது யாருன்னு பார்த்தீங்களா? மருமக. கடைசி நாள் மட்டும் அவ வெளிய போயிருக்கா, அதனாலதான் மணிச் சத்தம் கேட்டுக் கிழவர் தானே இறங்குறாரு."

 அப்பா மெதுவாக எழுந்து போய்ப் பென்சிலைத் தேடினார். பாப்பா டீச்சருக்குப் போன் போட்டாள்.

"டீச்சர், ஒரு நிமிஷம். எங்க அம்மா உங்ககிட்டப் பேசணுமாம்."

அம்மா போனை வாங்கி, வேலைப் பழக்கத்தில், "வணக்கம், எங்கேருந்து எங்க போகணும்?" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மருமகள் விஷயத்தைச் சொன்னார்.  மறுமுனையில் டீச்சர், "இருங்க, போனை வெச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டு எங்கேயோ எழுந்து போவதும், போனைப் பிடித்தபடி ஒரு கையால் நோட்டு அலமாரியைத் திறக்க முடியாமல் முட்டிக்கொள்வதும் கேட்டது.